செய்தி வராத ராத்திரிக்காக

உடுமலை
சித்திரை, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நீ ஜீப்காரரிடம் கொடுத்தனுப்பிய கடிதமும் படங்களும் கிடைத்தன. அம்மாவிடம் இரண்டு படங்களைக் காட்டினேன். மூன்றாவதை என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். ரேடியோக் கம்பத்து உச்சியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஸ்பேனரோடு சிரிக்கிறாயே, அதுதான். உடம்பில் பெல்ட் இல்லை. உனக்குப் பின்னால் மேகம் கறுத்துக் கிடக்கிறது. ஏன்டா இப்படிச் செய்கிறாய்? சித்திரை மாசத்தில் மதியம் திரும்பினால் அந்த மலையில் இடி இறங்கும் என்பது உனக்குத் தெரியாதா? முகட்டில் நீ நட்டிருக்கும் அந்தக் கம்பம்தான் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான இரும்பு. தோளையும் தொடையையும் சேர்த்துக் கட்டும் முழு பெல்ட் இல்லாமல் இனி ஒரு அடி ஏறக் கூடாது. மேலே ஏறிச் செய்கிற வேலையெல்லாம் காலையிலேயே முடிய வேண்டும். தூரத்தில் ஒரு உறுமல் கேட்டாலும் இறங்கிவிட வேண்டும். அக்கா என்கிற உரிமையில் சொல்கிறேன். வாய்க்கால் மதகுகளிலும் அணைக்கட்டுகளிலும் இதே வேலையை வருஷக்கணக்கில் செய்தவள் என்கிற உரிமையிலும் சொல்கிறேன்.

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்திருக்கிறது. வைத்தியர் சொன்னதைக் கேட்காமல் மாடிக்கு வடகம் காயப்போட ஏறுகிறாள் என்பதுதான் என் வருத்தம். பெரியம்மா போன வாரம் வந்தாள், இன்னும் இங்கேதான் இருக்கிறாள். நீ மூணாறு மலையில்தான் வேலை செய்கிறாய் என்று தெரிந்ததிலிருந்து உன்னைப் பற்றியே பேச்சு. முழுப் பரீட்சை லீவுக்கு நாம் அவளுடைய எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுக்குப் போவோமே, தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காதே, அதையெல்லாம் இப்போது வரிசையாகச் சொல்கிறாள். கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்துப்போன அந்த விரல்களால் உன் படத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

நீ செய்கிற வேலை என்னவென்று கேட்டாள். மலைச்சரிவில் ஐந்து இடத்தில் மழைமானி வைக்கிறான், அவை ரேடியோ அலையில் மழைக் கணக்கை முகட்டுக்கு அனுப்பும், முகட்டில் இருக்கிற ரிப்பீட்டர் அதை வாங்கி எஸ்டேட் ஆபீஸுக்கு அனுப்பும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ராத்திரி மழை பேஞ்சா அந்த ஆபீஸ்ல யாரு முழிச்சிருப்பா?" என்று கேட்டாள். தம்பி, அந்தக் கேள்வியை அப்படியே உன்னிடம் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எஸ்டேட் ஆபீஸ் சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். உன்னுடைய ரிசீவர் மேஜை மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டு ராத்திரி பூராவும் யாருக்கு சேதி சொல்லும்? நீ கடிதத்தில் ஆன்டெனா எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். கேட்கிற காது எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ராத்திரி நர்ஸ் இருப்பார்கள் என்று பெரியம்மா சொல்கிறாள். ரிசீவரை அங்கே வை. முகட்டிலிருந்து 8 கிலோமீட்டர் என்று உன் வரைபடத்தில் தெரிகிறது, ஆபீஸைவிடத் தூரம்தான். ஆனாலும் அங்கே வை. தூரத்தை எப்படிச் சமாளிப்பது என்று கீழே சொல்கிறேன்.

முதலில் என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 2020 ஆகஸ்ட் 6 உனக்கும் மறந்திருக்காது. ராத்திரி பத்தே முக்கால் வாக்கில் ராஜமலை பெட்டிமுடியில் மலை இறங்கி லயங்களை மூடியது. 70 பேர் போய்விட்டார்கள். பெரும்பாலும் நம் தமிழ்ச் சனம். கயத்தாறு பக்கம் வேர் உள்ள குடும்பங்கள் நிறைய. விடாமல் பெய்த மழையில் கரண்ட் இல்லை. செல்போனும் செத்துக் கிடந்தது. தப்பித்தவர்கள் அந்த இருட்டில், அந்த மழையில் நடந்துபோய்த்தான் அடுத்தவர்களிடம் சொல்ல முடிந்தது. வெளியே விஷயம் எட்டியபோது விடிந்துவிட்டது. பெரியம்மா டிவி முன்னால் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த பெயர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே அழுததை நீயும் பார்த்தாய். நீ இந்த வேலைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்ததும் அன்றைக்குத்தான் என்று எனக்குத் தெரியும். நீ வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த ராத்திரி மலைக்குக் கீழே இருந்தவர்களுக்கு அங்கிருந்து கெட்ட சேதி ஒன்றும் வரவில்லை. சேதி வரவில்லை என்றால் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று நினைத்துப் படுப்பது மனுஷ சுபாவம். அதுதான் என் நெஞ்சை அரிக்கிறது. உன் கருவிகளையும் அந்த சுபாவத்துக்குப் பழக்கிவிடாதே. மழை பெய்தால் பேசு, பெய்யாவிட்டால் சும்மா இரு என்று நீ வைத்திருக்கிறாய். பேட்டரி மிச்சமாகும் என்று காரணமும் எழுதியிருக்கிறாய். ஆனால் மழைமானி பேசாமல் இருந்தால் அது மழை இல்லாததாலா, பேட்டரி செத்ததாலா, கம்பம் சாய்ந்ததாலா, மண்ணோடு மண்ணாகக் கருவியே போய்விட்டதாலா? கீழே இருக்கிற நர்ஸுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நீ மூணாறு டவுனுக்கு இறங்கி வந்து போன் பண்ணுவாய். எட்டே கால் வரை வரவில்லை என்றால் அம்மா என்னைப் பிடுங்க ஆரம்பித்துவிடுவாள். நீ எந்த சேதியும் சொல்லாமலே அவளுக்கு ஒரு சேதி போய்ச் சேர்ந்துவிடுகிறது, நேரம் குறித்து வைத்திருப்பதால். ஒவ்வொரு கருவியும் அப்படித்தான் இருக்க வேண்டும். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கால் மணிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சொல்லட்டும். அதோடு பேட்டரி வோல்டேஜையும் சேர்த்துச் சொல்லட்டும். தொடர்ந்து மூன்று முறை வரவில்லை என்றால் ரிசீவரில் மணி அடிக்க வேண்டும். அந்த மணி கனமழைக்கு அடிக்கிற மணியைவிடக் குறைந்த சத்தத்தில் இருக்கக் கூடாது. மழைக்காலத்து ராத்திரியில் ஒரு கருவி பேச்சை நிறுத்தினால், அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு ஆளை எழுப்ப வேண்டும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பக்கம் 1970களில் அந்நாட்டு வானிலைத் துறை வெள்ள எச்சரிக்கைக்காக ‘அலர்ட்’ என்று ஒரு முறையை உருவாக்கியது. மலையில் மழைமானி, உள்ளே சின்ன வாளி ஒன்று நிறைந்து கவிழும். கவிழ்ந்த உடனே ஒரு குட்டி ரேடியோ செய்தி. ஒரு செய்திக்கு நான்கே பைட், விநாடிக்கு 300 பிட் வேகம். இவ்வளவு எளிமையான ஏற்பாடு பல பத்து வருஷம் தாக்குப்பிடித்தது. அதிலும் மழை இல்லாத நாளில் நேரப்படி ஒரு செய்தி அனுப்புகிற வழக்கம் உண்டு. இன்னொரு விஷயம், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: "இப்போது ஒரு வாளி கவிழ்ந்தது" என்று அந்தக் கருவி சொல்லாது. "இதுவரை மொத்தம் இத்தனை வாளி" என்று சொல்லும். நடுவில் பத்து செய்தி காற்றோடு போனாலும் பதினொன்றாவது வந்து சேர்ந்தால் மழைக் கணக்கு ஒரு சொட்டும் குறையாது. நீயும் மொத்தக் கணக்கையே அனுப்பு. தயவுசெய்து உன் முறையை இப்படி மாற்றிவிடு.

கவிழ்ந்த ஒவ்வொரு தடவையும் அனுப்புவதையும் நிறுத்திவிடு. ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உன் வாளி 0.2 மில்லிமீட்டருக்கு ஒருமுறை கவிழும். மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை கொட்டினால் 12 விநாடிக்கு ஒருமுறை. நீ வைத்திருக்கிற லோரா ரேடியோவின் வேகத்தில் ஒரு செய்தி காற்றில் இருக்கும் நேரம் சுமார் மூன்றில் ஒரு விநாடி. ஐந்து கருவியும் ஒரே அலைவரிசையில் இஷ்டத்துக்குப் பேசினால் சுமார் ஐந்தில் ஒரு செய்தி இன்னொன்றோடு மோதி அழிந்துவிடும். ரிப்பீட்டர் வேறு அதே அலைவரிசையில் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்கிறது. அதையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். ஹவாய்த் தீவுகளை ரேடியோவால் இணைத்து 1971இல் ‘அலோஹா’ என்ற வலையமைப்பை ஓட்டினார்கள் அல்லவா, அப்போதே இந்தக் கணக்கு தெரிந்துவிட்டது. யாரும் யாரையும் கேட்காமல் பேசினால், எவ்வளவு முயன்றாலும் நேரத்தில் 18 சதவீதத்துக்கு மேல் உருப்படியான செய்தி போகாது. தெளிவான நாளில் ஐந்து கருவியும் அழகாகப் பேசும். எந்த ராத்திரிக்காக வைத்தாயோ அந்த ராத்திரியில் ஒன்றை ஒன்று அமுக்கிவிடும். அதனால் ஆளுக்கு ஒரு முறை வகுத்துக் கொடு. முதல் கருவி முதல் நிமிஷம், இரண்டாவது இரண்டாம் நிமிஷம் என்று ஐந்து நிமிஷத்தில் ஒரு சுற்று. மழை பெய்யும்போது ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கணக்கு தாராளமாகப் போதும். கடிகாரம் விலகிப்போகாமல் இருக்க ரிப்பீட்டர் தினம் ஒருமுறை நேரம் சொல்லட்டும்.

இனி அந்த 8 கிலோமீட்டர் விஷயம். பயப்படாதே. நீ 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில்தானே இருக்கிறாய்? குறைந்த சக்தியில் அது நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அனுமதி உள்ள இடம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று 915 மெகாஹெர்ட்ஸ் மாடல் வாங்கிவிடாதே. அது அமெரிக்காவுக்கு ஆனது. அவர்களுடைய 902 முதல் 928 வரையிலான வரிசையில் ஒரு பகுதியை இங்கே செல்போனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். 866இல் 8 கிலோமீட்டர் வெட்டவெளியைக் கடக்க அலை 109 டெசிபெல் இழக்கும். நீ 20 டிபிஎம் சக்தி கொடுக்கிறாய். ரிப்பீட்டரில் 3 டெசிபெல் ஆன்டெனா, ஆஸ்பத்திரியில் 6 டெசிபெல் யாகி ஆன்டெனா, கேபிளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு டெசிபெல் கழித்தால் ரிசீவருக்கு மைனஸ் 82 வந்து சேரும். லோராவில் எஸ்எஃப் 10 என்கிற மெதுவான வேகத்தை வைத்தால் மைனஸ் 132 வரை காது கேட்கும். காகிதத்தில் 50 டெசிபெல் மிச்சம்.

காகிதத்தில் என்று அழுத்திச் சொல்கிறேன். கண்ணுக்கு நேரே தெரிந்தால் போதும் என்று நினைக்கிறாய். அலை ஒரு நூல்போலப் போகாது. நடுவழியில் பருத்துப் போகும். 8 கிலோமீட்டருக்கு நடுப்பாதியில் அந்தப் பருமனின் ஆரம் 26 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 16 மீட்டராவது, பார்வைக் கோட்டுக்குக் கீழே எதுவும் முட்டாமல் இருக்க வேண்டும். நீ அனுப்பிய மலை வெட்டுப்படத்தில் நடு மேட்டுக்கு மேலே 20 மீட்டர் இடைவெளி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறாய். அந்த மேட்டில் கிராண்டிஸ் யூகலிப்டஸ் தோட்டம் இருக்கிறதே, அதைக் கணக்கில் சேர்த்தாயா? செயற்கைக்கோள் உயரக் கணக்கு மேட்டைக் காட்டும். அதன் மேல் நிற்கிற மரத்தை முழுசாகக் காட்டாது. 50 மீட்டர் ஆழத்துக்கு அடர்ந்த மரக்கூட்டம் குறுக்கே வந்தால் 12, 13 டெசிபெல் போகும். இலை நனைந்திருந்தால் இன்னும் போகும். மழைத்துளி இந்த அலைவரிசையை ஒன்றும் செய்யாது. நனைந்த இலைதான் எமன். போதாததற்கு கிராண்டிஸ் வேகமாக வளரும். இந்த வருஷம் தெரிகிற முகடு இன்னும் சில வருஷத்தில் தெரியாது. இன்றைக்குச் சோதித்து, ஓடுகிறது என்று எழுதி வைத்துவிடாதே. கோடை மழை கொட்டுகிற ஒரு சாயங்காலம், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சிக்னல் அளவைக் குறித்துப் பார். அன்றைக்கும் 15 டெசிபெலாவது மிச்சம் நின்றால் எனக்கு எழுது. அப்போது நானும் உன்னோடு சேர்ந்து சந்தோஷப்படுகிறேன்.

மரத்தை வெட்டலாமா என்று எஸ்டேட்காரர்களிடம் கேட்டுவிடாதே, அதுவும் சோலைக்காட்டு ஓரத்தில். கம்பத்தை நகர்த்து, இல்லையென்றால் உயர்த்து. நகர்த்த முடியாவிட்டால் இன்னொரு ரிப்பீட்டர் வை. சொல்லப்போனால் இன்னொரு ரிப்பீட்டர் எப்படியும் வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஐந்து கருவியும் ஒரே முகட்டை நம்பி இருக்கின்றன. அது விழுந்தால் ஐந்தும் ஊமை. காட்டு யானை கம்பத்தில் உடம்பு தேய்த்தால் போதும். யானை படையப்பா அந்தப் பக்கம் உலாத்துகிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய். எதிர் முகட்டில் இன்னொன்று இருந்தால் ஒன்று போனாலும் மற்றது பேசும்.

கேபிள் விஷயத்தில் காசு பார்க்காதே. ஆர்ஜி-58 கேபிளில் 10 மீட்டர் ஓட்டினால் இந்த அலைவரிசையில் சுமார் 5 டெசிபெல் கேபிளுக்குள்ளேயே போய்விடும். அதாவது நீ கொடுத்த சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு ஆன்டெனாவைப் பார்ப்பதே இல்லை. ரேடியோவையே பெட்டியில் போட்டுக் கம்ப உச்சியில், ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் கட்டிவிடு. கரண்ட் கம்பி மட்டும் கீழே இறங்கட்டும். யாகியின் குச்சிகள் நெட்டுக்குத்தாக நிற்கட்டும், ரிப்பீட்டர் ஆன்டெனா நெட்டுக்குத்தாக இருப்பதால். ஒன்று நின்று ஒன்று படுத்திருந்தால் 20 டெசிபெல் வரை போகும். உன் படத்தில் யாகி படுத்திருக்கிறது. ஆன்டெனா மாட்டாமல் ரேடியோவை ஆன் செய்யாதே, சக்தி திரும்பி வந்து உள்ளே எரித்துவிடலாம். ஒவ்வொரு கனெக்டரிலும் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் அந்த ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்று. பெட்டிக்குள் நுழையும் முன் கேபிள் ஒருமுறை தொங்கி ஏறட்டும். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இடிதாங்கிக்கும் கம்பத்துக்கும் சேர்த்து நல்ல எர்த் போடு.

பேட்டரிக் கணக்கு உன் தாளில் தப்பாக இருக்கிறது கண்ணு. மழைமானிகளுக்குச் சரி, அவை தூங்கி எழுந்து பேசுகிறவை. சராசரி 5 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும், வெயிலே இல்லாமல் 20 நாள் ஓட 2.4 ஆம்பியர் மணி போதும். உன் 7 ஆம்பியர் பேட்டரி தாங்கும். ரிப்பீட்டர் அப்படி இல்லை. அது தூங்கவே கூடாது. காது திறந்தே இருக்க வேண்டும். அதற்கு 30 மில்லி ஆம்பியர் என்றால் 20 நாளைக்கு 14 ஆம்பியர் மணிக்கு மேல். அதற்கும் அதே 7 ஆம்பியர் பேட்டரியைப் போட்டிருக்கிறாய். ஜூன் மாசம் மழை இறங்கினால் அந்த முகட்டில் சூரியனை எப்போது பார்க்கலாம் என்று பெரியம்மாவைக் கேட்டுப் பார். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கவும் கூடாது. அதனால் 40 ஆம்பியர் மணி போடு. லித்தியம் போடுவதாக இருந்தால், ஜனவரியில் அந்த மலையில் உறைபனி விழுவதை மறக்காதே. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் பேட்டரி கெட்டுவிடும். குளிரில் சார்ஜை நிறுத்துகிற பாதுகாப்பு உள்ளதாகப் பார்த்து வாங்கு.

பேச்சு நிற்பதைப் பற்றிச் சொன்னேன். அதைவிட மோசமானது பொய் பேசுவது. மழைமானியின் புனலில் ஒரு காய்ந்த இலை அடைத்துக்கொண்டாலோ, உள்ளே எறும்பு கூடு கட்டினாலோ வாளி கவிழாது. பேட்டரி நன்றாக இருக்கும், சிக்னல் நன்றாக இருக்கும், "இருக்கிறேன்" என்று கால் மணிக்கு ஒருமுறை சொல்லும், மழை பூஜ்ஜியம் என்றும் சொல்லும். வெளியே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றும். இதற்கு ரேடியோவில் மருந்து இல்லை. பக்கத்துக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாலு பேர் 50 மில்லிமீட்டர் என்று சொல்லும்போது ஒருவர் மட்டும் பூஜ்ஜியம் என்றால் மணி அடிக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு லயத்திலும் சாதாரண அளவுக் குவளை மழைமானி ஒன்று வை. காலையில் ஒருவர் பார்த்து நோட்டில் எழுதட்டும். வயநாட்டில் ஹியூம் மையத்தார் இப்படிச் சாதாரண மனிதர்களை வைத்துத்தான் மழை அளக்கிறார்கள். 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை இறங்குவதற்கு முந்தின நாளே, அந்தக் கணக்கை வைத்து அவர்கள் எச்சரித்தார்கள். கணக்கு சரியாக இருந்தது. கணக்குக்கும் தூங்கிக்கொண்டிருந்த வீடுகளுக்கும் நடுவில்தான் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியைக் கடப்பதுதான் உன் வேலையிலேயே கஷ்டமான லிங்க். ஆன்டெனாவால் அதைக் கட்ட முடியாது.

அதற்கு ஒரு ஏற்பாடு சொல்கிறேன், பிடித்தால் செய். மணி அடித்தால் நர்ஸ் யாரைக் கூப்பிட வேண்டும், அவர் எந்த லயத்துக்கு ஓட வேண்டும், சனங்கள் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும், இதெல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்தில் ஒரு பலகையில் இருக்கட்டும். செல்போனை அதில் சேர்க்காதே; அந்த ராத்திரி அது இருக்காது. லயத்துக் கோடியில் ஒரு சைரன் வை, அதே ரேடியோவில் ஓடட்டும், அதற்குத் தனி பேட்டரி கொடு. சைரனை மாசத்துக்கு ஒருமுறை பகலில் ஒலித்துக் காட்டு. மூணாறிலேயே அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் 2009 முதல் மண்ணுக்குள் தண்ணீர் அழுத்தம் பார்க்கிற கருவிகளை வைத்து நிலச்சரிவு எச்சரிக்கை நடத்துகிறார்கள். நேரம் கிடைக்கும்போது போய் அவர்களிடம் பேசு. உனக்கு மழை மட்டும் தெரியும். அவர்களுக்கு மண்ணுக்குள் நடப்பது தெரியும்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் நான் ரொம்ப யோசித்தேன். உன் திட்டத்துக்கு ஒரு நாள் பணம் தீரும். நீ வேறு மலைக்குப் போவாய். நான் வேலை செய்த இடங்களில் கேட்பாரற்று நின்ற கம்பங்களைப் பார்த்திருக்கிறேன். ரேடியோவில் ஒரு பழுதும் இருக்காது. பேட்டரி மாற்ற ஆள் இருந்திருக்காது, அவ்வளவுதான். அதனால் இப்போதே அந்த எஸ்டேட்டிலேயே இரண்டு பேரைப் பழக்கு. கொழுந்து பறிக்கப் போகிற பெண்களில் பத்தாவது, பன்னிரண்டாவது படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று பெரியம்மா சொல்கிறாள். அந்தச் சரிவுகளில் தினமும் நடக்கிறவர்கள் அவர்கள்தான். புனலைத் துடைக்கவும், கனெக்டரைப் பிரித்துச் சுற்றவும், வோல்டேஜ் பார்க்கவும், சிக்னல் அளவு மாசத்துக்கு மாசம் இறங்குகிறதா என்று நோட்டில் பார்க்கவும் அவர்களுக்குச் சொல்லிக்கொடு. இறங்கினால் கனெக்டரில் தண்ணீர், அல்லது மரம் வளர்ந்திருக்கிறது, இரண்டில் ஒன்று. அவர்களுக்குச் சம்பளம் வாங்கிக் கொடு. சேவையாகச் செய்யச் சொல்லாதே. மழை இறங்குவதற்கு முன்னால் அந்த இரண்டு பேரும் நீ இல்லாமல் ஒரு கருவியைக் கழற்றித் திரும்ப மாட்டிப் பேச வைத்துவிட்டால், உன் வேலை முடிந்தது என்று நான் ஒப்புக்கொள்கிறேன்.

பார்சலில் முழு பெல்ட் ஒன்றும், ரப்பர் டேப் ஆறு சுருளும், என்-டைப் கனெக்டர்களும், ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் வைத்திருக்கிறேன். அம்மா செய்த தட்டையும், பெரியம்மா அரைத்த இஞ்சித் துவையலும் தனி டப்பாவில். அட்டைப் பூச்சிக்குப் புகையிலைத் தூள் வைக்கச் சொன்னாள் பெரியம்மா, அதுவும் இருக்கிறது. உன்னைப் பற்றி எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. பெருமையைவிடக் கவலை ஒரு பங்கு அதிகம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் பேசிவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுது. பழக்கப் போகிற இரண்டு பேர் யார் என்றும் எழுது.

பிரியமுள்ள
அக்கா